பட்டணம் பொடியும் மசூலிப்பட்டணம் பொடியும்

கோலா சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் ஆகிய ஊர்களைக் கடந்து பெர்னாம் ஆற்றை நோக்கிச் செல்லும் பாதையில் சுங்கை ஆயர் தாவார் என்னும் சிற்றூர் இருக்கிறது. மலாய் மொழியில் ‘சுங்கை’ என்பது ஆறு. ‘ஆயர்’ என்பது நீர். ‘தாவார்’ என்பது உப்புக் கலவாதது. நன்னீராறு என்று நாம் பெயர்த்துக் கொள்ளலாம். கடலை அடுத்த அந்நிலப்பகுதியில் குடிநீரின் அருமையை உணர்ந்தோர் இட்ட பெயர் அது எனக் கொள்வதில் பிழையில்லை.

ஊர்ப்பெயரில் வரலாறு உறைவதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். கடைச் சரக்கின்மேல் ஏறி அமர்ந்த ஊர்ப்பெயரும் அவ்வாறே வரலாறு கூறும். அதற்கு மூக்குப்பொடி ஒரு சான்று. பிறநாட்டில் நின்று பொடி வாங்குகிறவன் பெரும்பாலும் ஓர் ஊரின் பெயரைச் சொல்லியே வாங்கியிருக்கிறான்.

முதற்கண் சொல்லைக் காண்போம். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டை அடைந்தது. மலாய்க்காரர் அதனைத் ‘தெம்பாக்காவ்’ என்பர். ‘தபாக்கோ’ என்னும் ஐரோப்பியச் சொல்லின் திரிபே அது. தமிழன் அயற்சொல்லை ஏற்காமல், புகைக்கும் இலை ஆதலின் ‘புகையிலை’ என்று தானே ஒரு பெயர் அமைத்தான். பின்னர் அதனை மென்றபோதும், இடித்துத் தூளாக்கி உறிஞ்சியபோதும் அப்பெயரே நிலைத்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் அவ்விலையைப் பழனி முருகனிடம் தூது அனுப்பிப் ‘புகையிலை விடு தூது’ பாடினார். உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். வந்தேறிய செடி சிற்றிலக்கியத்துள் இடம்பெறும் அளவுக்கு நம்மவரோடு கலந்துவிட்டது.

மூக்கின் வழியே மருந்து செலுத்துவதைச் சித்த மருத்துவம் ‘நசியம்’ என்று கூறும். ஆகவே இலை புதிதாயினும் வழி பழையது. பொடி செய்வதற்குப் புகையிலையைப் பதமாக வறுத்து, இடித்து, துணியில் சலித்து, சுண்ணாம்பும் நெய்யும் கூட்டுவர். சுண்ணாம்பின் காரம் இலையிலுள்ள நிகோட்டினை விடுவித்து விரைவில் உடலிற் சேரச் செய்கிறது. நெய் காரத்தைத் தணித்து மணமூட்டுகிறது. இவ்வாறு ஆக்கிய பொடியை உலர்ந்த வாழைமட்டையில் பொதிந்து விற்றனர். ‘பொடிமட்டை’ என்னும் சொல் அதனால் வந்தது.

இப்பொடியைக் கடலுக்கு அப்பால் நின்று வாங்கியவர் இருவகையினர். ஒருவர் இலண்டன் செல்வர். மற்றவர் மலாயாத் தோட்டத்துத் தமிழர்.

இங்கிலாந்தில் பொடி பெருவழக்கானதற்கு ஒரு கடற்போர் துணை செய்தது. 1702-இல் ஸ்பெயின் நாட்டு வீகோ விரிகுடாவில் ஆங்கிலக் கடற்படை பகைவர் கப்பல்களைக் கைப்பற்றியது. அப்படையெடுப்பில் கிடைத்த கொள்ளையில் பெருந்தொகையான மூக்குப்பொடியும் இருந்தது. அது இங்கிலாந்தின் துறைமுகங்களில் மலிவாக விற்கப்பட, பொடிப்பழக்கம் நாடெங்கும் பரவிற்று. 1720-இல் இலண்டன் ஹேமார்க்கெட் தெருவில் ‘பிரிபூர்க் அண்டு டிரேயர்’ என்னும் பொடிக்கடை தோன்றியது. நான்காம் ஜார்ஜ் மன்னரும் அதன் வாடிக்கையாளரே. அக்காலத்து இங்கிலாந்தில் மேன்மக்கள் விரும்பிய பொடிவகைகளுள் ஒன்றன் பெயர் ‘மசூலிப்பட்டம்’. நம் மசூலிப்பட்டணமே அது. 1611-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பண்டகசாலை அமைத்த துறைமுகம். கிருட்டிணை, கோதாவரி ஆற்றுப்படுகைகள் இன்றும் புகையிலைக்குப் பேர் பெற்றவை. ஆயினும் பெயர் பெற்றது இலை விளைந்த சிற்றூர் அன்று. கப்பல் புறப்பட்ட துறைமுகமே.

இனி மலாயாவுக்கு வருவோம். கோலா சிலாங்கூர்ப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1917-இல் அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. தொடங்கியவர் ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். காட்டை அழித்துக் கன்று நட்ட கைகள் பெரும்பாலும் தமிழர் கைகள். 1907-இல் அமைந்த தமிழர் குடிநுழைவு நிதி அவர்களின் வழிச்செலவை ஏற்றது. கங்காணிமார் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள் சேர்த்தனர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்காம் துறைமுகம், சிங்கப்பூர் என்னும் வழியில் 1973 வரை ஓடியது. தளத்தில் பயணஞ் செய்தோர் மூட்டையும் பாயுமாக வந்தனர். அம்மூட்டைகளோடு வெற்றிலை, புகையிலை, பொடி ஆகிய பழக்கங்களும் கரையேறின.

மூட்டையில் கொண்டுவந்தது எத்தனை நாளுக்கு வரும்? தீர்ந்தபின் கடையைத்தான் நாட வேண்டும். தமிழ் முசுலிம் வணிகர்களும் பிற தமிழ் வணிகர்களும் பினாங்கு, கிள்ளான் முதலிய இடங்களில் சென்னைச் சரக்கை இறக்கினர். அங்கிருந்து சிற்றூர்க் கடைகளுக்கும் தோட்டத்துக் கடைகளுக்கும் அது சென்றது. சம்பளம் போடும்வரை கடன். பெயர் எழுதிய புத்தகத்தில் பற்று. அக்கடையில் நின்று ஒருவன் கேட்ட பெயர் ‘பட்டணம் பொடி’. பட்டணம் என்றால் நாட்டுப்புறத் தமிழனுக்குச் சென்னைப் பட்டணமே.

தோட்ட வாழ்வுக்குப் பொடி எவ்வாறு பொருந்தியது என்பதும் எண்ணத்தக்கது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். அரைத் தூக்கத்தை ஒரு சிட்டிகை கலைக்கும். பால் வெட்டுவோர்க்கு இரு கைக்கும் வேலை. பொடிக்கு நெருப்பு வேண்டா. புகை வெளிப்பட்டுத் தண்டலின் கண்ணில் படாது. வீட்டிலிருந்த கிழவியர்க்கும் அது துணையாயிற்று. ஆனால் மழையும் ஈரமும் மிகுந்த அந்நாட்டில் மட்டையில் பொதிந்த பொடி விரைவில் கட்டிதட்டிப் போகும். இறுக மூடும் தகர டப்பிக்கே அங்கு மதிப்பு. நாட்டின் காற்று சரக்கின் உறையையும் தேர்ந்தெடுக்கிறது.

1938-இல் இந்திய அரசு, உதவித்தொகை பெற்றுத் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடுத்தது. 1941 டிசம்பரில் சப்பானியர் படையெடுத்தனர். 1945 வரை தமிழகத்துக் கப்பல் வரவில்லை. கடிதம் நின்றது, சென்னைச் சரக்கும் நின்றது. ஊரோடிருந்த இழை அற்றது என்பதைத் தோட்டத்தார் கடையின் வெற்றுத் தட்டிலும் கண்டனர்.

இங்கே ஒப்பிட்டு நோக்குவோம். மசூலிப்பட்டணத்துப் பொடியைக் கேட்ட இலண்டன் செல்வர் அவ்வூரைக் கண்டவர் அல்லர். அவருக்கு அது தொலைவின் மணம். அயல்நாட்டு அரும்பொருள் என்னும் பெருமை. பட்டணம் பொடியைக் கேட்ட தோட்டத்துத் தமிழனோ அப்பட்டணத்துக் கரையிலோ நாகைக் கரையிலோ கப்பலேறியவன், அல்லது ஏறியவரின் மகன். அவனுக்கு அது விட்டுவந்த கரையின் பெயர். பொடி ஒன்றே, ஒருவர்க்கு வேற்றூர், மற்றவர்க்குத் தன்னூர்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ஹேமார்க்கெட் கடை 1981-இல் மூடப்பட்டது. எனினும் அதன் கணக்கேடுகளைக் கொண்டு வரலாற்று நூல் எழுதப்பெற்றது. எந்தப் பிரபு எந்தப் பொடி வாங்கினார் என்பதை நாம் படிக்கலாம். தோட்டத்துக் கடையின் பற்றுப் புத்தகமும் வரலாற்றுச் சான்றே. உழைத்தவன் கூலியில் உணவுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு, ஒரு சிட்டிகை இன்பத்துக்கு எவ்வளவு என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஏடு வேறில்லை. அத்தகைய புத்தகம் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருக்குமாயின் அதனைப் பழந்தாள் என்று எறிந்துவிடலாகாது.

பொடியின் புகழைப் பாடுதல் நம் நோக்கமன்று. புகைக்காமல் பயன்படுத்தும் புகையிலையும் புற்றுநோய்க்குக் காரணமாவதை உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதிசெய்துள்ளது. மூக்குப்பொடிக்கு 2016 ஆகஸ்டு முதல் சிங்கப்பூரில் தடை. ஒருகாலத்தில் ரஜூலாவில் மடியோடு வந்திறங்கிய டப்பியை இன்று அங்குக் கொண்டுசெல்லல் குற்றம். பழக்கம் மறைவது நன்றே.

ஆனால் பழக்கத்தோடு சொல்லும் மறைகிறது. தோட்டங்கள் பல துண்டாகி விற்கப்பட்டன. மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தனர். பெரட்டு, தண்டல், பொடிமட்டை, பற்றுப் புத்தகம் ஆகியவற்றைப் பொருளுணர்ந்து சொல்லும் முதியோர் குறைந்து வருகின்றனர். சிலாங்கூரின் வடபகுதியில் பணிபுரியும் தமிழாசிரியர்கள் தம் மாணவரை ஒரு விடுமுறையில் பாட்டன் பாட்டியரிடம் அனுப்பலாம். “என்ன பொடி வாங்கினீர்கள், எந்தக் கடையில், என்ன பெயர் சொல்லிக் கேட்டீர்கள்?” என்னும் மூன்று வினாக்கள் போதும். விடைகளை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்தால், பிரபுக்களின் கணக்கேட்டுக்குப் பக்கத்தில் உழைப்பாளியின் கணக்கேடும் இடம்பெறும்.