அண்மைப்புல ரேடார்ப் படமீளாக்கம்

அருகிலுள்ள பொருளில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகளைப் பல இடங்களில் பதிந்து, அப்பொருளின் உருவத்தைக் கணித்தெடுப்பது அண்மைப்புல ரேடார்ப் படமீளாக்கம். விமான நிலைய உடல் ஸ்கேனர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இதன் கணித வேர்களில் ஒன்று லைப்சிக்கில் அச்சேறியது. ஒரு சார்பின் தொகையீடுகள் எல்லாக் கோடுகளின் வழியேயும் தெரிந்தால், அந்தச் சார்பையே மீட்டுவிடலாம் என்று யோஹான் ராடோன் 1917-இல் நிறுவினார். அக்கட்டுரை வெளியானது அந்நகரின் சாக்சனி அறிவியல் கழக ஏட்டில். அரை நூற்றாண்டுக் காலம் பொறியாளர் கண்ணில் அது படவே இல்லை; அதனால் சி.டி. ஸ்கேனுக்கான கணிதத்தை ஆலன் கார்மாக் 1963-இல் தாமாகவே கண்டடைய வேண்டியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக முன்பு இருந்த ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971-இல் ஃபூரியே உருமாற்றம் இல்லாமலே படத்தைக் கணிக்கும் வழியைத் தந்தார். அவர்களின் ‘ராம்-லாக்’ வடிகட்டியைப் பாடநூல்கள் இன்றும் கற்பிக்கின்றன. ஒருவகைச் செயற்கைத்துளை ரேடாருக்கும் இதே கணிதம் பொருந்தும் என்பது 1983-இல் தெளிவானது.

ஆனால் அண்மைப்புலத்தில் இந்தக் கோடுகள் வளைந்துவிடுகின்றன. 30 கிகாஹெர்ட்சில் அலைநீளம் 1 செ.மீ.; 1 மீட்டர் அகலமுள்ள ஆன்டெனா வரிசைக்கு, அலைகளைத் தட்டையானவை எனக் கொள்ளக்கூடிய சேய்மைப்புலம் 200 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். ஸ்கேனருக்குள் நிற்பவரை வந்தடைவது கோள அலை. ஆகவே கோட்டுக்குப் பதில் கோளப்பரப்பின் மீது கூட்ட வேண்டும்.

பின்வீழ்த்தல் முறை அதை நேரடியாகச் செய்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு ஆன்டெனாவிலிருந்து உள்ள தொலைவைக் கணித்து, அத்தொலைவுக்குரிய எதிரலையை எடுத்து, அதன் அலைக்கட்டத்தை (phase) திருத்திக் கூட்டும். பொருள் இருக்கும் புள்ளியில் கூட்டல் வலுக்கும். மற்ற இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். ஆன்டெனாவின் இடம் 2.5 மி.மீ. பிசகினாலே மேற்சொன்ன அலைவெண்ணில் குறி தலைகீழாகிவிடும். 40,000 ஆன்டெனா நிலைகள், 40 இலட்சம் புள்ளிகள் என்றால் 16,000 கோடிக் கூட்டல்கள்.

நிலநடுக்க அலைப் பதிவுகளுக்காக ஸ்டோல்ட் என்பவர் 1978-இல் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த ஃபூரியே வழி, கோள அலையைத் தள அலைகளாகப் பிரித்து இந்த வேலையை மிக விரைவாக முடிக்கிறது. மறைத்து வைத்த ஆயுதங்களைக் கண்டறிய அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகம் 2001-இல் விவரித்த அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் அளவீடுகள் சீரான இடைவெளியில் இருந்தாக வேண்டும். இவ்வழியில் செய்யும் இடைமதிப்பீட்டில் பிழை வந்தால் பட ஓரங்களில் போலி உருவங்கள் தோன்றும்.

எனவே எது சிறந்தது என்ற கேள்வியை ஆன்டெனா அமைப்பிடமே கேட்க வேண்டும். சீரான கட்டமாக இருந்தால் ஃபூரியே வழி; சிதறிக் கிடந்தால், கிராஃபிக்ஸ் செயலிகள் மலிந்த இக்காலத்தில், பின்வீழ்த்தல். 2006-க்குப் பின் பரவிய சுருக்க உணர்தல் (compressed sensing) முறை குறைந்த ஆன்டெனாக்களில் கூர்மையான படம் தரும். அதே வேளையில் வலுவற்ற எதிரலைகளை அது இரைச்சலென்று நீக்கிவிடக்கூடும். பாதுகாப்புச் சோதனையில் இது பெரிய குறை: உலோகம் பளிச்சென்று தெரியும், பிளாஸ்டிக் பொருளின் எதிரலையோ பெரும்பாலும் மெலிந்தது.