ஹெர்பிஸ் வைரஸ்களின் மைக்ரோ ஆர்.என்.ஏ.

ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் பல, தம் மரபணுத் தொகுதியிலிருந்து உருவாக்கும், ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஆர்.என்.ஏ. இழைகள். இவை புரதமாக மாறுவதில்லை. தமக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கின்றன. புரதத்தை அடையாளம் கண்டு தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்களிடம் இவை எளிதில் சிக்குவதில்லை.

கண்டுபிடிப்பு: உருளைப்புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993இல் அறியப்பட்டது. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவரும் இந்த ஆய்வுக்காக 2024இல் நோபல் பரிசு பெற்றனர். வைரஸ்களிடமும் இவை உண்டு என்பதை 2004இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் துஷ்ல் குழுவினர் காட்டினர். ஹெர்பிஸ் குடும்பத்து எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பி செல்களில் அவர்கள் முதலில் கண்டவை ஐந்து. பின்னர் அந்த எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது.

பெருக்கமும் உறக்கமும்: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுதும் உறங்கிக் கிடக்கும். அந்நிலையில் அது உருவாக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், வைரஸ் பெருகத் தேவையான ஐ.சி.பி.0, ஐ.சி.பி.4 புரதங்களைக் குறைப்பதாக 2008இல் பதிவாயிற்று. ஆனால் இவற்றை நீக்கிய வைரஸ்களைக் கொண்டு விலங்குகளில் செய்த சோதனைகள் ஒத்த முடிவைத் தரவில்லை. இதே குடும்பத்து மனித சைட்டோமெகலோ வைரஸின் யு.எல்.112-1 என்னும் இழை, வைரஸின் சொந்தப் பெருக்கத்தைத் தூண்டும் புரதத்தையும் அடக்குகிறது. நோய் எதிர்ப்புச் செல்களான இயற்கைக் கொல்லி செல்களைத் தூண்டும் மிக்-பி புரதத்தையும் அடக்குகிறது.

நோய் விளைக்கும் திறன்: இந்த இழைகள் நோய் விளைவிக்க உதவுகின்றன என்பதற்கு வலுவான சான்று கோழிகளிடமிருந்து கிடைத்தது. ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907இல் விவரித்த மாரெக் நோய், கோழிகளுக்கு நிணநீர்ப் புற்றை உண்டாக்குவது. அந்நோயை விளைக்கும் ஹெர்பிஸ் வைரஸின் எம்-4 என்னும் இழை, கோழி போன்ற விலங்குகளின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வான மிர்-155ஐப் போலவே செயல்படுகிறது. அதன் இலக்கறியும் பகுதியில் இரண்டு நியூக்ளியோடைடுகளை மாற்றியதுமே வைரஸ் புற்றை உண்டாக்கும் திறனை இழந்தது. அவ்விடத்தில் கோழியின் மிர்-155ஐ வைத்தபோது அத்திறன் மீண்டது. இது 2011இல் வெளியானது. மனிதர்களைத் தாக்கும் ஹெர்பிஸ் குடும்பத்துக் கபோசி சார்க்கோமா வைரஸும் மிர்-155ஐ ஒத்த இழையொன்றைக் கொண்டுள்ளது.

முக்கியத்துவம்: அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் பெருகும் வைரஸையே தடுக்கின்றன, உறங்கும் வைரஸை அகற்றுவதில்லை. உறங்குநிலையிலும் இயங்கும் இந்த இழைகளைப் புரிந்துகொள்ளாமல் ஹெர்பிஸ் தொற்றை வேரோடு அகற்றுவது கடினம்.