டவாலி வில்லை

டவாலி வில்லை என்பது அரசு அலுவலகச் சேவகர்கள் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்காக அணியும் பட்டையில் பொருத்தப்படும் பித்தளைத் தகடு ஆகும். அணிபவரின் அலுவலகம், பதவி அல்லது எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ரயில் நிலையச் சுமைத் தொழிலாளர்கள் கையில் கட்டும் எண் வில்லையும் இதே வகையைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்து வில்லைகள் இன்று நாணயங்களைப் போலச் சேகரிக்கப்படுகின்றன.

பெயர்

‘டவாலி’ என்பது தோல் வாரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. வட இந்தியாவில் இத்தகட்டுக்குச் சப்ராஸ் என்று பெயர்; அதை அணிந்தவர் சப்ராசி. பம்பாய் மாகாணத்தில் அவர் பட்டாவாலா எனப்பட்டார். சென்னை மாகாணத்தில் வழங்கிய ‘பியூன்’, காலாள் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்தது. சதுரங்கத்தின் சிப்பாய்க் காய்க்கும் அம்மொழியில் அதே சொல்தான். தமிழில் ‘வில்லைச் சேவகன்’ என்ற வழக்கும் உண்டு.

தூத்துக்குடியும் வில்லைகளும்

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் செல்வாக்குப் பெற்றனர். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமானது. 1825-இல் ஆங்கிலேயரிடம் நிலையாக வந்து சேர்ந்தது. 1876-இல் ரயில் பாதை வந்த பின், ரயிலில் வந்திறங்கி இங்கிருந்து கப்பலில் கொழும்பு செல்வோர் பெருகினர். கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் நின்றன. மூட்டைகளை ரயிலிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கப்பலுக்கும் மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே சுமைத் தொழிலாளர்கள் இங்கு இன்றியமையாதவர்களாக இருந்தனர். 1914-இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறக்கப்பட்டதும் இலங்கைப் பயணிகளில் பெரும்பகுதியினர் அவ்வழியே செல்லத் தொடங்கினர்.

காலத்தை அறிதல்

வில்லையில் உள்ள மணிமுடியும் அரசரின் பெயரெழுத்தும் ஆட்சிக்காலத்தைக் காட்டும். அசோகர் சிங்க முத்திரை இருந்தால் அது விடுதலைக்குப் பிந்தியது. ‘எஸ்.ஐ.ஆர்.’ என்ற எழுத்துகள் தென்னிந்திய ரயில்வேயைக் குறிப்பவை. அந்நிறுவனம் 1951-இல் தெற்கு ரயில்வேயில் இணைந்ததால், அவ்வெழுத்துகள் கொண்டவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை.

பழைய வில்லைகளைப் போன்ற போலிகள் புதிதாக வார்க்கப்பட்டு விற்கப்படுகின்றன. பட்டையில் உராய்ந்து மழுங்கிய விளிம்பு, எழுத்துப் பள்ளங்களில் படிந்த அழுக்கு, பின்புற வளையத்தின் தேய்மானம் ஆகியவை அசலுக்கு அடையாளங்கள். புளி போட்டுத் துலக்கினால் இவ்வடையாளங்கள் அழிந்துவிடும். நூறு ஆண்டுகள் கடந்த வரலாற்றுப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

அணிந்தவரின் நிலை

ஜெர்மனியின் கார்னிவல் சங்கங்கள் வெளியிட்ட எனாமல் சின்னங்களும் உலகெங்கும் சேகரிக்கப்படுகின்றன. 1823-இல் முறைப்படுத்தப்பட்ட கொலோன் நகரக் கார்னிவலில், பிரஷ்ய ராணுவப் பதக்கங்களைக் கேலி செய்யும் வகையில் பதக்கங்கள் அணியப்பட்டன. அவை விரும்பி அணிந்தவை. டவாலி வில்லையோ பணியின் கட்டாயம். கலெக்டர் அலுவலகச் சேவகரின் மார்பில் அது அதிகாரத்தின் அடையாளம். மக்கள் அதைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டனர். சுமைத் தொழிலாளியின் கையிலோ அது அவரது பெயருக்குப் பதிலாக நின்ற எண்.

ஆயினும் அந்த எண்ணே அவருடைய பிழைப்புரிமை. ரயில்வே விதிகளின்படி, முதுமையிலோ நோயிலோ வேலையை விடும் போர்ட்டரின் வில்லையை மகனுக்கோ நெருங்கிய உறவினருக்கோ மாற்றித்தர இடமிருந்தது. குடும்பத்துக்கு அதுவே சொத்தாக இருந்தது. 2008-ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கையைத் தொடர்ந்து போர்ட்டர்கள் பலர் இருப்புப்பாதைப் பராமரிப்புப் பணியில் சேர்க்கப்பட்டனர். 2016-இல் போர்ட்டர் என்ற பெயர் ‘சகாயக்’ என மாற்றப்பட்டது.

எனவே ஒரு வில்லையைச் சேகரிப்பவர் அது கிடைத்த ஊர், நிலையம், அணிந்தவரின் தொழில் ஆகியவற்றையும் உடன் எழுதிவைப்பது அவசியம். அக்குறிப்பு இல்லாவிட்டால் எஞ்சுவது பித்தளையும் ஓர் எண்ணும் மட்டுமே.