இடிபாட்டு மீட்புப் படைகள்: மௌலிவாக்கம் முதல் செஞ்சி மலைப்பகுதி வரை

கட்டடம் இடிந்தோ மண் சரிந்தோ புதையுண்டவர்களைத் தேடிக் கண்டறிந்து உயிருடன் வெளியே கொண்டுவரும் பணி நகர்ப்புறத் தேடல் மற்றும் மீட்பு எனப்படுகிறது. பெயரில் நகர்ப்புறம் என்று இருந்தாலும், தமிழ்நாட்டில் இதன் தேவை செஞ்சி, திருவண்ணாமலை போன்ற மலையடி ஊர்களிலும் உணரப்பட்டுள்ளது.

தோற்றம்

1985ஆம் ஆண்டு மெக்சிகோ நகரிலும் 1988இல் ஆர்மீனியாவிலும் நிகழ்ந்த நிலநடுக்கங்களின்போது பல நாட்டுக் குழுக்கள் உதவிக்கு விரைந்தன. ஆனால் யார் எங்கே தேடுவது என்பதில் ஒழுங்கு இல்லை. ஒரே இடிபாட்டை இரு குழுக்கள் தோண்ட, அடுத்த தெரு கவனிப்பாரின்றிக் கிடக்கும் நிலை ஏற்படக்கூடாது என்பதற்காக, 1991இல் ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் பன்னாட்டுத் தேடல் மீட்பு ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் குஜராத் நிலநடுக்கமும் 2004இன் ஆழிப்பேரலையும் தனிப் படையின் தேவையை உணர்த்தின. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை 8 படைப்பிரிவுகளுடன் தொடங்கியது. இன்று 16 உள்ளன. தமிழ்நாட்டுக்கு அருகே நிற்பது அரக்கோணத்தில் உள்ள 4ஆவது படைப்பிரிவு.

குழு அமைப்பு

ஒரு படைப்பிரிவில் தலா 45 பேர் கொண்ட 18 மீட்புக் குழுக்கள் உண்டு. பொறியாளர், மின்பணியாளர், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய்களுடன் அவற்றின் பயிற்றுநர் ஆகியோர் குழுவிலேயே இருப்பர். பன்னாட்டு நெறிமுறை ஒரு குழுவை மேலாண்மை, தேடல், மீட்பு, மருத்துவம், தளவாடம் என்ற ஐந்து கூறுகளாகப் பிரிக்கிறது. தளவாடம் சிறிய வேலையாகத் தோன்றலாம். எனினும் நடுத்தரக் குழு ஓர் இடத்தில் 7 நாளும், பெருங்குழு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் 10 நாளும் இரவுபகலாக இயங்க வேண்டும் என்பதால், சொந்த உணவும் எரிபொருளும் இல்லாத குழு பாதிக்கப்பட்ட ஊருக்கே பாரமாகிவிடும்.

தேடலில் அமைதியே முதற்கருவி. மூன்று விநாடி நீளும் ஒரு நெடிய ஒலி எழுந்தால் எல்லா இயந்திரங்களும் நிற்கும்; இடிபாட்டுக்குள்ளிருந்து தட்டும் ஓசையோ முனகலோ வருகிறதா என்று கேட்பார்கள். மூன்று குறுகிய ஒலிகள் வந்தால் அனைவரும் உடனே வெளியேற வேண்டும். ஆள் சிக்கியிருக்கும் இடத்தில் வி வடிவக் குறி தீட்டப்பட்டு, உயிருடன் இருப்போர், இறந்தோர் எண்ணிக்கை அதன் கீழ் எழுதப்படும். அதன் பிறகே முட்டுக்கொடுத்து, கான்கிரீட்டை வெட்டி, வழி உண்டாக்குவர்.

மௌலிவாக்கம், 2014

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 சூன் 28 அன்று மாலை, கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழைக்கிடையே சரிந்தது. மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அப்பளம்போல் அமர்ந்துவிட்டதால், பொக்லைனை மட்டும் நம்பித் தோண்ட இயலவில்லை. அரக்கோணம் படையினர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர், காவல்துறையினர் சேர்ந்து உழைத்தனர். 61 பேர் இறந்தனர். 27 பேர் மீட்கப்பட்டனர். சுமார் மூன்று நாள் கழித்தும் ஒருவர் உயிருடன் வெளியே வந்தார். அவசரப்பட்டு இடிபாட்டை வாரிக் கொட்டக்கூடாது என்ற விதியின் மதிப்பு அப்போது விளங்கியது.

செஞ்சி மலைப்பகுதி

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது செஞ்சிக் கோட்டை. உருண்டு விழுந்தவைபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிநிற்கும் கருங்கற்பாறைகளே இக்குன்றுகளின் தோற்றம். பகைவருக்கு அரணாக இருந்த இப்பாறைகளின் கீழ் இன்று மக்கள் வாழ்கின்றனர். 2025இல் யுனெசுகோ பட்டியலில் சேர்ந்தபின் கோட்டைக்கு வெளியூரார் கவனமும் கூடியுள்ளது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. மறுநாள் மாலை, செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையின் மலையடியில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. அரக்கோணத்திலிருந்து குழு வந்தது. மேட்டுத் தெரு குறுகியது. மேலே நின்ற பாறைகளோ எந்நேரமும் உருளக்கூடியவை. எனவே பெரும் இயந்திரங்களைப் பயன்படுத்த இயலாமல், மண்ணைக் கையால் அள்ள வேண்டியிருந்தது. ஐந்து சிறார் உள்ளிட்ட ஏழு பேரின் உடல்களே கிடைத்தன.

அரக்கோணத்துக்கும் செஞ்சிக்கும் இடையே சாலைவழி நூறு கிலோமீட்டருக்கு மேல். வெள்ளம் சாலையை மறித்தால் பயணநேரம் எத்தனை மணியாகும் என்று சொல்ல முடியாது. அதுவரை தோண்டுகிறவர்கள் உள்ளூர்த் தீயணைப்பு வீரர்களும், கடப்பாரையுடன் ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான்.