படிக்கிணறு, சேந்துகிணறு, ஆழ்துளை: பரமத்தி வேலூர் வட்டாரக் குடிநீரின் நூறாண்டு

ஜேடர்பாளையம் அணைக்கட்டில் பிரியும் ராஜவாய்க்கால் பொத்தனூர், பாண்டமங்கலம், வேலூர் என வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைக்கும் நீரூட்டிக்கொண்டு போகிறது. கரையோர ஊர்களில் கோடையிலும் ஆற்று மணலைத் தோண்டினால் ஊற்று கிடைத்தது. வடக்கே கபிலர்மலை, பரமத்தி மேட்டு நிலத்துக்கு ஏறினால் சில அடி மண்ணுக்குக் கீழே பாறைதான். அங்கே குடிநீர் என்றால் மழையை நம்பிய கிணறு. காவிரி அருகில் இருந்ததால் மட்டும் இவ்வட்டாரத்தின் குடிநீர் மேம்படவில்லை. கிணற்றின் வடிவம், அதன் வாயருகே நிற்க உரிமை பெற்றவர், தோண்டிய ஆழம் ஆகிய மூன்றுமே அதன் போக்கை நிர்ணயித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் மாற்றம் வடிவத்தில் வந்தது. படிக்கட்டு வழியே இறங்கி, முழங்கால் நீரில் நின்று குடத்தை அமிழ்த்தும் படிக்கிணறுகள் நரம்புச் சிலந்தி நோய்க்கு வாய்ப்பாக இருந்தன. நோயாளியின் கால் புண்ணிலிருந்து நீரில் இறங்கும் புழுவின் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சைக்ளாப்ஸ் என்னும் நீர்ப்பூச்சிக்குள் வளர்கின்றன. அந்த நீரைக் குடித்தவரின் உடலிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் புழு வெளிவரும். இந்தச் சுழற்சியில் சைக்ளாப்ஸின் பங்கை ரஷ்ய அறிஞர் ஃபெட்சென்கோ 1870ஐ ஒட்டிக் கண்டறிந்திருந்தார். ஆகவே மருந்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. படியை மூடி, சுவர் எழுப்பி, ராட்டினம் பொருத்தி, கயிற்றால் சேந்தும் கிணறாக மாற்றினாலே போதும். சுகாதாரத் துறையினர் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினர். ஆனாலும் இந்தியா நரம்புச் சிலந்தி ஒழிந்த நாடு என்று சான்றிதழ் பெற 2000 வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தனை தாமதம் ஏன்? இங்கிலாந்தை ஒப்பிட்டால் ஒரு விடை கிடைக்கிறது. அங்கே 1878ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டும் தொலைவில் நல்ல நீர் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பைக் கிராமப்புற அமைப்புகள்மீது சுமத்தியது. பணம் வராததால் அங்கும் வேலை இழுபட்டது. 1934இல் அரசு 10 லட்சம் பவுண்டு மானியம் ஒதுக்கிய பிறகுதான் வேகம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தால் வலுப்பெற்ற போர்டுகள் சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் சொற்ப வரியில் நடத்த வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, இவ்வட்டாரம் அடங்கியிருந்த நாமக்கல் தாலுகா 1910 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் சேலத்தைவிட்டுத் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. குடிநீர் ஏற்பாடு செய்யும்படி உள்ளாட்சிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தெளிவாகத் தந்தது 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். உத்தரவு வந்துவிட்டால் நிதி வந்துவிடுமா என்ன?

பணத்தைவிடப் பெரிய தடை சாதி. ஊர்ப் பொதுக்கிணறு என்று பதிவேட்டில் எழுதப்பட்டது பல இடங்களில் ஒடுக்கப்பட்டோர் நெருங்க முடியாத கிணறு. சேரிப் பெண்கள் யாராவது சேந்தி ஊற்றும்வரை குடத்தோடு காத்துக் கிடந்தார்கள், அல்லது குட்டை நீரை மொண்டார்கள். நோய் யாரை முதலில் தாக்கும் என்பதை இதுவே முடிவுசெய்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, அக்ரகாரத்துக் குழாய்களைத் திறந்துவிடும் வேலைக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரை அமர்த்தியபோது கிளம்பிய எதிர்ப்பு, குழாய் வந்த பின்னும் தீட்டு என்னும் எண்ணம் நீங்கவில்லை என்பதைக் காட்டுகிறது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுத் தெருக்களையும் கிணறுகளையும் குளங்களையும் எல்லோருக்கும் திறந்துவிடக் கோரி நிறைவேறியது. 1938ஆம் ஆண்டின் சமூக இயலாமை நீக்கச் சட்டம் அதற்குத் தண்டனைப் பிரிவுகளின் பலத்தைச் சேர்த்தது. இதற்கிடையே அரசின் தொழிலாளர் துறை சேரிகளுக்கெனத் தனிக்கிணறுகளை வெட்டிக் கொடுத்தது. அவை தாகம் தீர்த்தன. கூடவே ஊர்க்கிணறு வேறு, சேரிக்கிணறு வேறு என்ற பிரிவினைக்கு அரசுச் செலவில் கல் கட்டடமும் எழுந்தது. அதிகாரிகள் எளிய வழியைத் தேர்ந்தார்கள் என்றே கருதுகிறேன்.

மூன்றாவது மாற்றம் ஆழம். 1934இல் மேட்டூர் அணை முடிந்து, 1937இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. விடுதலைக்குப் பின் மின்சாரம் வயல்களுக்கு வந்ததும் கவலை ஏற்றம் போய் பம்புசெட் வந்தது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது, ஊர்க்கிணறுகள் வறண்டன. பாறையைக் குடையும் ரிக் வண்டிகள் இந்த இடைவெளியை நிரப்பின. பக்கத்திலுள்ள திருச்செங்கோடு அந்தத் தொழிலுக்கு நாடறிந்த ஊராயிற்று. குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் அமைந்தது. யூனிசெஃப் துணையோடு உருவாகி, கோவை மாவட்டத்தில் சோதிக்கப்பட்டுச் சென்னையில் தயாரான இந்தியா மார்க் 2 அடிபம்பு 1970களின் பிற்பகுதியில் ஊர் ஊராகப் பரவியது. மூடிய குழாயிலிருந்து வரும் நீரில் சைக்ளாப்ஸுக்கு இடமில்லை. வாளி இறங்காததால் வாளி தொட்டால் தீட்டு என்ற பேச்சுக்கும் பிடிமானம் குறைந்தது. ஆனால் பம்பு எந்தத் தெருவில் நிற்பது என்ற பழைய கேள்வி மட்டும் தொடர்ந்தது.

ஆழம் புதிய நோயையும் காட்டியது. கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1937இலேயே நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடு நச்சால் எலும்பு இறுகிப்போனவர்களைப் பதிவுசெய்தார்கள். சேலம், தர்மபுரி, நாமக்கல் வட்டாரத்துக் கடும்பாறைப் பகுதிகள் சிலவற்றில் அதே சிக்கல் உண்டு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்நீர் குடிக்க ஏற்றதல்ல. ஆகவே பார்வை மறுபடியும் காவிரிக்குத் திரும்பியது. ஆற்று மணலில் கிணறு இறக்கி, கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் மேட்டு ஊர்களுக்கு நீரேற்றுகின்றன. ஆற்றுப் படுகையில் மணல் அள்ளுவது அந்தக் கிணறுகளின் ஊற்றைக் கெடுக்கிறது. வேலூருக்கு அருகே காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு சேலத்துச் சாயக்கழிவைச் சுமந்து வருகிறது.

இப்போது மக்கள் பேச்சில் இரண்டு தண்ணீர் உண்டு: குடிக்க ஆத்துத் தண்ணி, புழங்கப் போர்த் தண்ணி. ஆற்று நீர் வரத்து குறையும் நாட்களில் சில ஊராட்சிகள் இரண்டையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடுகின்றன. அப்போது ஃபுளோரைடு மீண்டும் குடத்துக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் எடுக்கும் இடத்தில் மட்டும் சோதிக்கும் வழக்கம் இதைக் கண்டுகொள்ளாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், கோடையில், மாதிரி எடுத்தால்தான் தெரியும்.