எல்லாருக்கும் வசனம் எழுதியவர், பேச்சிழந்த கதை

1/ நாடக நடிகர் சங்கங்களில் மாலை போட்ட ஒரு படம் இருக்கும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அந்தப் படத்தில் தெரியாத ஒண்ணை டாக்டரா சொல்லணும்னு தோணுச்சு. ஒரு சின்ன த்ரெட்.

2/ 1867ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதலில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு வேலை. 24 வயசில் அதை விட்டுட்டு நாடகத்துக்கு வந்தார்.

3/ புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் தாளமும் திருப்புகழ்ச் சந்தமும் கற்றார். திருப்புகழ் பாடிய அருணகிரியார் எங்க திருவண்ணாமலைக்காரர். அந்த உரிமையில்தான் எழுதுறேன் 🙂

4/ எமன், சனீஸ்வரன் வேஷங்களில் மிரட்டியவர். அவர் வேஷத்தைப் பார்த்து ஒரு பெண் பயந்தே இறந்துபோனதாகவும், அதோடு நடிப்பை விட்டதாகவும் சொல்வாங்க. பிறகு எழுதுவதும் கற்றுக்கொடுப்பதும்தான் வாழ்க்கை. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' எல்லாம் அவருடையது. வசனம், பாட்டு இரண்டும் அவரே.

5/ 1918ல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு சபா தொடங்கினார். அங்கே வளர்ந்தவர்தான் பின்னாளில் அவ்வை சண்முகம் ஆனவர். அந்தச் சிறுவனுக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம்!

6/ அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கி, பேச்சும் போயிருச்சு. 1922 நவம்பர் 13, புதுச்சேரியில் காலமானார். வயசு 55.

7/ கிட்டத்தட்ட அதே காலத்தில் லண்டனில் ஆர்தர் சல்லிவன். நகைச்சுவை இசை நாடகங்களால் பேர் வாங்கியவர். சிறுநீரகக் கல் வலியோடுதான் 1878ல் 'பினஃபோர்' இசையமைத்தார். 1888ல் மிலே வரைந்த கம்பீரமான ஓவியத்தில் அந்த வலி தெரியாது. படங்கள் நோயைச் சொல்றதில்லை.

8/ பக்கவாதத்தில் பேச்சு போனால் புத்தியும் போச்சுன்னு நினைக்காதீங்க. பலருக்கு எல்லாம் புரியும், வார்த்தைதான் வராது. பேச முடியாத சிலர் பாடுவாங்க. சுவாமிகளுக்குள் எத்தனை பாட்டு மிச்சம் இருந்ததோ!

9/ அன்னைக்கு மருந்து இல்லை. இன்னைக்கு இருக்கு. ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்துக்கு, தகுதியானவங்களுக்கு, நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். வாய் கோணுதா, கை தொங்குதா, பேச்சு குழறுதா? 'காலையில் பார்த்துக்கலாம்' வேண்டாம். உடனே 108. 🙏