ஆயுதச் சட்டமும் அடைபட்ட நெஞ்சமும்

ஜூரோங் என்றவுடன் இன்று நம் கண்முன் எழுவன ஆலைகளும், கப்பல் பட்டறைகளும், அடுக்குமாடி வீடுகளுமாம். 1961ஆம் ஆண்டில் அரசாங்கம் அங்கே தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்குமுன், அப்பகுதி சதுப்பு நிலமும், இறால் குட்டைகளும், இடையிடையே ரப்பர்த் தோட்டங்களுமாகக் கிடந்தது. அங்குள்ள பூன் லே என்னும் வட்டாரம், அந்நாளில் பெருந்தோட்டமுடையவராயிருந்த சியூ பூன் லே என்பவரின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றது. தோட்டம் நகரமாயிற்று, நகரத்தில் பள்ளிகள் எழுந்தன. 1956இல் தோன்றிய ரிவர் வேலி உயர்நிலைப்பள்ளியும் 2010இல் பூன் லே அவென்யூவிலுள்ள புதிய கட்டடத்திற்குக் குடியேறிற்று.

2021ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், திங்கட்கிழமை. அப்பள்ளியில் பயின்ற 16 வயது மாணவன் ஒருவன், தனக்கு அறிமுகமே இல்லாத 13 வயது மாணவன் ஒருவனைப் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே கோடரியால் வெட்டிக் கொன்றான். பகை இல்லை, பழி இல்லை, பொருளாசையும் இல்லை. அவ்விருவர் பெயரும் நமக்கு வேண்டுவதில்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட ஒரு பிள்ளை மாலையில் வீடு திரும்பவில்லை. மற்றொரு பிள்ளை சிறை சென்றான். இரண்டு வீடுகளிலும் விளக்கு அணைந்தது. இதுவே நாம் மறக்கலாகாத செய்தி.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொலையுண்ணும் செய்தி வரும்போதெல்லாம் உலகில் இரண்டு கட்சிகள் எழுகின்றன. “ஆயுதத்தைத் தடை செய்க” என்பது ஒன்று. “ஆயுதம் என் செய்யும்? மனிதனைக் கவனிக்க” என்பது மற்றொன்று. இவ்விரு கட்சிகளுள் எது சரியென்பதை வாதத்தால் அன்றி வரலாற்றால் ஆராய்வதே நலம். அவ்வாராய்ச்சிக்குச் சிங்கப்பூரைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது. ஏனெனில், ஆயுதத்தைக் கட்டுப்படுத்துவதில் இந்நகரம் சென்ற தூரம் மிகச் சில நாடுகளே சென்ற தூரமாகும்.

மலாயாத் தமிழர்க்கு ஆயுதச் சட்டம் புதிதன்று. 1948இல் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு மரண தண்டனை என்று அவ்வாண்டு ஜூலையில் விதி செய்யப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்னும் குற்றத்திற்காக, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்க இந்தியாவிலிருந்து எழுந்த வேண்டுகோளும் பயன்படவில்லை. அச்சட்டம் நீதியோ அநீதியோ, அதன் கடுமையைத் தோட்டத்து லயங்கள் அன்றே அறிந்துகொண்டன.

சிங்கப்பூரின் கதையும் இத்தகையதே. 1913இல் எழுந்த ஆயுத வெடிமருந்துச் சட்டம் அனுமதிச்சீட்டு முறையை வகுத்தது. இரகசியச் சங்கங்களின் சண்டை மலிந்த காலத்தில், 1958இல் மற்றொரு சட்டம் வந்தது. திராவகத்தையும் தாக்குதற் கருவிகளையும் தக்க காரணமின்றிக் கொண்டு திரிவதை அது குற்றமாக்கிற்று. துப்பாக்கிக் கொள்ளையர் நகரை நடுங்கச் செய்த நாளில், 1973இல் ஆயுதக் குற்றச் சட்டம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், ஆறு அடிக்குக் குறையாத பிரம்படியும். பிறரைத் தாக்கும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு எவர் மீதும் படாவிடினும், மரணம். இவ்வளவு கடுமையான சட்டத்தின் பயன் யாது? துப்பாக்கி ஏந்திய கொள்ளை இந்நகரில் அரிதாயிற்று. அமெரிக்கப் பள்ளிகளில் நிகழ்வது போன்ற துப்பாக்கிப் படுகொலை சிங்கப்பூர்ப் பள்ளி எதிலும் நிகழ்ந்ததில்லை. இஃது எளிய பேறன்று.

பிரிட்டனின் அனுபவமும் இதையே சொல்லும். 1996 மார்ச்சு 13ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டு டன்பிளேன் ஊரில், அனுமதிச்சீட்டுப் பெற்ற கைத்துப்பாக்கிகளோடு ஒருவன் பள்ளிக்குள் புகுந்து, 16 குழந்தைகளையும் அவர்தம் ஆசிரியையையும் கொன்றான். அடுத்த ஆண்டிலேயே கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்து, மக்களிடமிருந்தவற்றையும் அரசாங்கம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன்பின் அத்தகைய பள்ளிப் படுகொலை அந்நாட்டில் நிகழவில்லை. அமெரிக்காவோ 1994இல் சிலவகைத் துப்பாக்கிகளைப் புதிதாகச் செய்வதையும் விற்பதையும் பத்தாண்டுக்குத் தடை செய்தது. ஆனால் முன்னரே வீடுகளில் இருந்தவற்றைத் தொடவில்லை. அத்தடை நடப்பில் இருந்தபோதே, 1999 ஏப்ரல் 20இல் கொலம்பைன் பள்ளிப் படுகொலை நேர்ந்தது. 2004இல் தடையும் காலாவதியாயிற்று. 2012 டிசம்பர் 14இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியோரும் மாண்டனர். “தடை செய்தும் பயனில்லை” என்று அங்கே சிலர் சொல்வது பொருந்தாது. அரைகுறையாகக் கட்டிய வேலியைக் காட்டி, வேலியே வீண் என்று சொல்வதற்கு அஃது ஒப்பாகும்.

ஆகவே ஆயுதத் தடை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஜூரோங்கில் அச்சிறுவன் கையில் கோடரிக்குப் பதிலாகத் துப்பாக்கி இருந்திருக்குமாயின், எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும் என்று எண்ணவும் நெஞ்சு நடுங்குகின்றது. சட்டம் அன்று பல உயிர்களைக் காத்தது என்றே கொள்ளவேண்டும். ஆனால் அந்த ஓர் உயிரை அதனால் காக்க முடியவில்லை. ஏன்?

முதற்காரணம் எளிது. கோடரி என்பது ஆயுதமன்று, கருவி. இணையக் கடையில் விலைக்குக் கிடைப்பது. பால்மரம் சீவும் கத்தியும், காடு வெட்டும் பாராங்கும், சமையற்கட்டில் காய் நறுக்கும் கத்தியும் அத்தகையனவே. இவற்றையெல்லாம் தடை செய்து எந்நாடும் வாழ முடியாது. துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையான ஜப்பானிலும், 2001 ஜூன் 8இல், ஒசாக்கா மாகாணத்து இக்கேடா தொடக்கப்பள்ளியில் கத்தியேந்தி வந்த ஒருவன் எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் 2021 சனவரியில்தான் துப்பாக்கி, வெடிமருந்து, ஆயுதங்கள் பற்றிய புதிய கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. துப்பாக்கி செய்யும் கணினி வரைபடத்தை வைத்திருப்பதைக்கூடக் குற்றமாக்கும் அளவுக்கு அது நுணுக்கமானது. அது நிறைவேறி ஆறு திங்கள் கழித்து ஜூரோங்கில் கோடரி எழுந்தது!

இரண்டாங் காரணம் இன்னும் ஆழமானது. கடுந்தண்டனைச் சட்டமெல்லாம் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கின்றது: மனிதன் சாவுக்கு அஞ்சுவான் என்பதே அந்நம்பிக்கை. கொள்ளைக்காரன் அஞ்சுவான்; அவனுக்குப் பணமும் வாழ்வும் வேண்டும். ஆனால் ஜூரோங் மாணவன் வாழ விரும்பியவனல்லன். 2019இல், 14 வயதில், தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மனநலக் கழகத்தில் பரிசோதிக்கப்பட்டவன் அவன். கடும் மனச்சோர்வு நோய் அவனைப் பற்றியிருந்தது. தன்னைத்தானே கொன்றுகொள்ள இயலாதவன், பிறரைக் கொன்றால் காவலர் வந்து தன்னைச் சுட்டுக் கொல்வர் என்று கணக்கிட்டான். சாவையே தேடி வருபவனைச் சாவைக் காட்டி அச்சுறுத்துவது எங்ஙனம்? 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமையெல்லாம் இவ்வாசலில் வந்து ஓய்ந்து நின்றுவிடுகின்றது. அந்நோய் அவன் பொறுப்பைக் குறைத்ததென்று கருதி, கொலைக் குற்றச்சாட்டு குறைந்த குற்றச்சாட்டாக மாற்றப்பட்டது; 2023 டிசம்பர் 1இல் உயர்நீதிமன்றம் அவனுக்கு 16 ஆண்டுச் சிறை விதித்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை உடனே விலக்குவோம். மனச்சோர்வுற்றோரெல்லாம் கொலைகாரராவர் என்று எவரும் கருதற்க. அந்நோய் கொண்டோருள் மிகப் பெரும்பாலோர் பிறரை நோகச் செய்வதில்லை. தாமே நொந்து கிடக்கின்றனர். அவர்களைக் கண்டு அஞ்சுவதும், ஒதுக்குவதும், அவர்கள் வாயை மேலும் அடைப்பதாகவே முடியும். அடைபட்ட வாய்தான் இங்கே நம் பகை.

அமெரிக்க நாட்டு இரகசியப் பாதுகாப்புப் படையும் கல்வித் துறையும் கூடி, 1974 முதல் 2000 வரை நிகழ்ந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அதில் கண்ட உண்மைகள் மூன்று. ஐந்தில் நான்கு நிகழ்ச்சிகளில், தாக்க எண்ணியவனின் எண்ணத்தை வேறொருவரேனும் முன்னரே அறிந்திருந்தனர்; அறிந்தோர் பெரும்பாலும் உடன் பயின்ற பிள்ளைகளே. தாக்கியோருள் மிகப் பலர் அதற்குமுன் பெரியோர் கவலைகொள்ளத்தக்க வகையில் நடந்துகொண்டனர். மூன்றில் இரண்டு பங்கிற்குமேல், துப்பாக்கி வந்த இடம் சொந்த வீடு அல்லது உறவினர் வீடு. இம்மூன்றையும் ஒருங்கே நோக்குக. மூன்றாவது உண்மை ஆயுதத்தைப் பூட்டுக என்கின்றது. முதலிரண்டும் நெஞ்சைத் திறக்க என்கின்றன. இரு கட்சிகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒன்று வேலி, மற்றொன்று காவல். வேலியிருந்தும் காவலில்லாத கொல்லை மேயப்படும். காவலிருந்தும் வேலியில்லாத கொல்லையும் மேயப்படும்.

ஜூரோங் துயரத்தின் பின் சிங்கப்பூர் அரசாங்கம் நடந்த வழியும் கருதத்தக்கது. 2021 ஜூலை 27இல் பாராளுமன்றத்தில் பேசிய கல்வியமைச்சர் சான் சுன் சிங், ஆசிரிய ஆலோசகர்களின் தொகையைச் சில ஆண்டுகளில் 1,000க்கு மேல் உயர்த்துவதாகவும், மனநலம் பற்றிய பயிற்சியை எல்லா ஆசிரியர்க்கும் அளிப்பதாகவும், மாணவரே மாணவர்க்குத் துணைநிற்கும் ஏற்பாட்டை வலுப்படுத்துவதாகவும் அறிவித்தார். தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகளும் 2023க்குள் அனைத்து வகுப்புகளிலும் நீக்கப்பட்டன. வேலி கட்டியாயிற்று, இனிக் காவலை வலுப்படுத்துக என்பதே இவற்றின் கருத்து.

சட்டமும் சில வேளை நெஞ்சை அடைக்கும் பூட்டாயிருந்ததுண்டு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கும் பிரிவு ஒன்று வெள்ளையர் காலத்துத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. துன்பத்தால் துடிப்பவன் உதவி கேட்க வாய் திறந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டவனாவான்! 2020 சனவரி 1 முதல் சிங்கப்பூர் அப்பிரிவை நீக்கிற்று. ஏட்டிலிருந்த பூட்டு கழன்றது. வீட்டிலிருக்கும் பூட்டு கழன்றதா?

நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்கின்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் ஓடுகின்றோம். பிள்ளை உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் அறைக்குள் அடைந்து கிடந்தால் என் செய்கின்றோம்? “வயதுக் கோளாறு” என்கின்றோம். “திருஷ்டி” என்று கயிறு கட்டுகின்றோம். “வெளியே தெரிந்தால் மானம் போகும், தங்கைக்கு வரன் வராது” என்று கதவைச் சாத்துகின்றோம். மதிப்பெண் குறைந்ததை ஊர் முழுதும் கேட்க ஏசுகின்ற நாம், மனம் உடைந்ததை மட்டும் மறைக்கின்றோம். கயிறு நோயைக் கட்டாது. பிள்ளையின் வாயையே கட்டும்.

இப்பழக்கம் மாறவேண்டும். வீட்டில் துப்பாக்கி இல்லாதிருக்கலாம். ஆயினும் பிள்ளை இணையத்தில் யாது வாங்குகின்றான், யாது பார்க்கின்றான் என்பதைப் பெற்றோர் ஒற்றனைப்போல் அன்றி உறவாய் நின்று அறியவேண்டும். “சாக விரும்புகிறாயா?” என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்ததாகும் என்பது வீண் அச்சம், கேட்பதனால் அடைபட்ட நெஞ்சு திறக்கும் என்றே மனநல அறிஞர் கூறுகின்றனர். நண்பன் சொன்ன இருண்ட சொல்லை ஆசிரியரிடம் சொல்லும் மாணவனை நாம் பாராட்டவேண்டும்; அது காட்டிக்கொடுத்தலன்று, காத்துக்கொடுத்தலாம். சொன்ன பிள்ளையையும், சொல்லப்பட்ட பிள்ளையையும் தண்டிக்காமல் துணைநிற்பதே பள்ளியின் கடமை. சிங்கப்பூரில் 1767 என்னும் எண்ணில் சமாரித்தான் சங்கத்தாரும், 1771 என்னும் எண்ணில் தேசிய மனநல உதவிச் சேவையாரும் இரவும் பகலும் செவிசாய்க்கின்றனர். இவ்வெண்களைப் பஞ்சாங்கத்தின் பக்கத்தில் எழுதி ஒட்டி வைப்பது நல்ல நேரம் பார்ப்பதினும் மேலானது.

இத்துயரம் ஜூரோங்கோடு முடிந்ததன்று. 2025 அக்டோபர் 14இல், சிலாங்கூர் பண்டார் உத்தாமாவில், பள்ளியொன்றில் 16 வயது மாணவி 14 வயது மாணவனால் கத்தியால் குத்தப்பட்டு இறந்தாள். மலேசியாவிலும் துப்பாக்கிச் சட்டம் கடுமையானதே. 1971 முதல் அங்கும் துப்பாக்கிக் குற்றத்திற்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடங்கொடுத்துள்ளது. அங்கும் வேலி இருந்தது.

வேலியைக் கட்டுவது அரசாங்கத்தின் வேலை. அதை அது செய்யட்டும், தளர்த்தாதிருக்கட்டும். ஆனால், வாழ விரும்பாத ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் எந்தக் காவலரும் புக முடியாது. அங்கே புகத்தக்கவர் தாய், தந்தை, ஆசிரியர், நண்பர் ஆகிய நால்வரே. இன்று மாலை பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியதும், “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்குமுன் “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்போமாக. கேட்டபின், அவன் மறுமொழி சொல்லி முடியும்வரை வாய் மூடியிருப்போமாக.